தாதியின் கண்ணும் தாதியின் உடலும்

இருதய நோயாளர் பராமரிப்புப் பற்றிய ஆய்வுகளும் தாதியரின் உடல்நலம் பற்றிய ஆய்வுகளும் ஐக்கிய அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெருகி வந்துள்ளன. இரண்டிலும் இடம்பெறுபவர் தாதியே. எனினும் அவை ஒன்றையொன்று அறியாதன போன்றே வளர்ந்தன. முன்னையது தாதியின் கண்ணை நோக்கியது; பின்னையது அவருடைய உடலை நோக்கியது. அக்கண் அவ்வுடலிலேயே அமைந்துள்ளது என்னும் எளிய உண்மை ஆய்வாளரின் கருத்துக்கு எட்ட நெடுங்காலம் பிடித்தது.

1960களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் பிரெஸ்பிற்றேரியன் வைத்தியசாலையில் லோரன்ஸ் மெல்ற்சர் என்ற வைத்தியரும் றோஸ் பினியோ என்ற தாதியும் மாரடைப்பு நோயாளரைத் தனி விடுதியில் வைத்து இடையறாது அவதானிக்கும் முறையை ஆராய்ந்தனர். மாரடைப்பையடுத்து இதயவறை சுருங்கி விரியாது வெறுமனே நடுங்கத் தொடங்கினால், சில நிமிடங்களுள் மின்னதிர்ச்சி கொடுத்தாலன்றி நோயாளி பிழையார். வைத்தியரை அழைத்துவர அந்நேரம் போதாது. அருகில் இருப்பவர் தாதியே. எனவே இதய மின்வரைபை வாசிக்கவும், அபாயத்தை இனங்காணவும், வைத்தியரின் வருகைக்குக் காத்திராது மின்னதிர்ச்சி கொடுக்கவும் தாதி பயிற்றப்பட்டார். 1965இல் இம்முறை தாதியருக்கான கைநூலாக வெளிவந்தது. கட்டளையை நிறைவேற்றுபவர் என்ற நிலையினின்று தீர்மானிப்பவர் என்ற நிலைக்குத் தாதி உயர்ந்தமைக்கு இவ்விடுதிகள் ஆற்றிய பங்கு பெரிது. ஆயினும் இங்குத் தாதி மதிக்கப்பட்டது அவருடைய கூர்மைக்காகவே. அக்கூர்மை பின்னிரவிலும் மங்காதிருக்க உடல் என்ன விலை கொடுக்கின்றது என்பது அன்றைய ஆய்வின் வினாவாக அமையவில்லை.

ஒரேயொரு இடத்தில் மட்டும் உடல் தன்னை மறைக்க முடியாது வெளிப்பட்டது. நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை 1960இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர் வெளியிட்டனர். கைகளே கருவி என்பது அதன் சிறப்பு. ஆனால் கைகள் களைக்கும். அழுத்துபவர் களைக்குந்தோறும் அழுத்தத்தின் ஆழம் குறையும். பல வேளைகளில் அவரே அதனை உணர்வதில்லை. இதனாலேயே ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆளை மாற்றுக என்று 2005ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி விதித்தது. பராமரிப்பவரின் களைப்பு நோயாளியின் உயிரைப் பற்றிய செய்தியாக இங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. இரண்டு நிமிடக் களைப்பை ஒப்புக்கொண்ட மருத்துவம் இருபதாண்டுக் களைப்பை எவ்வாறு நோக்கிற்று?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் 1976இல் பிராங்க் ஸ்பைசர் தொடக்கிய தாதியர் சுகாதார ஆய்வை நோக்குதல் வேண்டும். பதினொரு மாநிலங்களைச் சேர்ந்த, 30 முதல் 55 வயது வரையான 121,700 பெண் தாதியர் அதில் இணைந்தனர். கருத்தடை மாத்திரைகளின் நெடுங்கால விளைவுகளை அறிவதே தொடக்க நோக்கம். தாதியர் தெரிவுசெய்யப்பட்டமைக்குக் காரணம், மருத்துவ வினாக்களுக்குத் திருத்தமாக விடையளிக்க வல்லவர் என்பதாகும். அதாவது, அவர்கள் தாதியர் என்பதற்காக ஆராயப்படவில்லை. நம்பத்தக்க சாட்சிகள் என்பதற்காகவே ஆராயப்பட்டனர். அவர்களுடைய உடல் பெண்குலம் முழுவதற்கும் பதிலாள் ஆயிற்று. சுழற்சி முறையில் எத்தனை ஆண்டுகள் இரவுப்பணி புரிந்தீர்கள் என்ற வினா 1988ஆம் ஆண்டின் வினாக்கொத்திலேயே இடம்பெற்றது. தாதியரின் பெயரைத் தாங்கிய ஆய்வு தாதித்தொழிலின் இரவைப் பற்றி வினவப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன!

வினவியதும் விடை கிடைத்தது. 1995இல் வெளியான கட்டுரையொன்று 79,109 தாதியரை நான்காண்டுகள் தொடர்ந்து நோக்கியது. ஆறாண்டுகளோ அதற்கு மேலோ சுழற்சி இரவுப்பணி புரிந்தோருக்கு முடியுரு நாடி நோய் ஏற்படும் வாய்ப்பு, அவ்வாறு புரியாதோருடன் ஒப்பிடுகையில், ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. புகைத்தல் முதலியவற்றைக் கணக்கிலெடுத்த பின்னரும் பெறப்பட்ட முடிவு இது. இதனைப் பெரிதுபடுத்தலும் தவறு. நான்காண்டுகளில் அத்தனை பேரிடையே காணப்பட்ட நோய்ச் சம்பவங்கள் 292 மாத்திரமே. 2016இல் வெளிவந்த நீண்டகால ஆய்வில், பத்தாண்டுகளோ அதற்கு மேலோ இரவுப்பணி புரிந்தோருக்கான அதிகரிப்பு 15 முதல் 18 சதவீதமாகத் தணிந்து தோன்றியது. இத்தகைய அவதானிப்பு ஆய்வு காரணத்தை உறுதிப்படுத்த வல்லதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. தனியொருவருக்கு ஆபத்துச் சிறிதே. ஆனால் இரவு விடுதிகள் யாவும் இவ்வுடல்களைக் கொண்டே நடைபெறுகின்றன. பிறர் இதயத்தைக் காக்கும் பணிமுறை காப்பவரின் இதயத்தைத் தாக்கக்கூடும் என்பது இவ்வெண்களில் தெளிவாகவே உள்ளது. எனினும் அந்த ஆய்வுகள் இரவுப்பணி புரிந்தவரிடமே நின்றுவிட்டன. அவ்விரவுகளில் அவர் பராமரித்த நோயாளர் என்ன ஆயினர் என்று நோக்கவில்லை.

இரு பக்கங்களையும் ஒரே ஏட்டில் எழுதிய ஆய்வு 2002இல் லின்டா எய்க்கனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டதாகும். பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளில், ஒரு தாதிக்குரிய நோயாளர் தொகையில் ஒருவர் கூடுந்தோறும், முப்பது நாட்களுக்குள் நோயாளர் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், தாதி தொழிற்சோர்வுக்குள்ளாகும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்ந்தன. மெல்ற்சரின் விடுதியில் பிரிந்து நின்ற கண்ணும் உடலும் இங்கு அருகருகே வந்தன. ஆனால் அந்நோயாளர் சத்திரசிகிச்சை பெற்றோரேயன்றி மாரடைப்பு விடுதியினர் அல்லர். அளக்கப்பட்ட சோர்வும் வினாக்களுக்கு அளித்த விடைகளால் அறியப்பட்ட மனச்சோர்வே. முதுகு, கால், உறக்கம் ஆகியவற்றுக்கு அந்த ஏட்டில் நிரல் இல்லை.