வாரத்துக்கு ஏழு அத்தியாயம்

'போரும் அமைதியும்' நாவலைப் பத்துப் பேர் கூடி வாசிப்பதற்குப் பாதி வேலையை டால்ஸ்டாயே செய்து வைத்திருக்கிறார். ரஷ்ய மூலத்தில் 361 அத்தியாயங்கள். சில மொழிபெயர்ப்புகளின் பிரிப்பில் 365. பெரும்பாலானவை நாலைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடும். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஓராண்டு; வாரத்துக்கு ஏழு, ஞாயிறு மாலை சந்திப்பு. ஆயிரம் பக்கத்துக்கு மேல் என்று மலைத்து நிற்கிறவரிடம் "இன்றைக்கு நாலு பக்கம்தான்" என்று சொன்னால் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவார்.

இந்தக் கணக்கைப் போட ஒரு மாலை போதும். ஒவ்வொரு வாரமும் எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கத்தான் நாவலை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் வேண்டும். கூட்டு வாசிப்பு நடத்துகிறவரின் தேர்ச்சியை நான் அந்த இடத்தில்தான் பார்ப்பேன்.

இரண்டாம் பாகத்தின் முதல் பகுதியில் நிகோலாய் ரஸ்தோவ் சீட்டாடித் தோற்கும் இடம் வருகிறது. சோனியாவைப் பெண் கேட்டு மறுக்கப்பட்ட தோலோகோவ், தன் வயதையும் அவள் வயதையும் கூட்டினால் வரும் 43 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, நிகோலாயின் கடன் 43 ஆயிரம் ரூபிளைத் தொடும்வரை விடாமல் ஆடுகிறான். மே மாதம் வரைக்கும் இதைவைத்துச் சமாளித்துக்கொள் என்று அப்பா கொடுத்த இரண்டாயிரம் ரூபிள் எப்போதோ போய்விட்டது. சட்டைக் கைக்குள்ளிருந்து நீளும் தோலோகோவின் சிவந்த, எலும்பு அகன்ற கைகளையே நிகோலாய் பார்த்துக்கொண்டிருக்கிறான். இது 13, 14 ஆகிய இரண்டு அத்தியாயங்கள். அத்தோடு வாரத்தை முடித்தால் தொடர்கதைக்குரிய விறுவிறுப்பு கிடைக்கும். அப்படி நிறுத்துவது நாவலுக்குச் செய்யும் தீங்கு என்பேன்.

ஏனென்றால் 15-ஆம் அத்தியாயத்தில் அவன் நேரே வீட்டுக்கு வருகிறான். அங்கே இளையவர்கள் வாத்தியத்தைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நடாஷா பாடத் தொடங்குகிறாள். நெற்றியில் ஒரு தோட்டாவைப் பாய்ச்சிக்கொள்வதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு வந்தவன், தங்கை அடுத்த சுரத்தை எட்டிப் பிடிப்பாளா என்று காத்திருக்கிறான். தன்னை அறியாமல் கீழ்ச் சுரத்தில் கூடப் பாடவும் செய்கிறான். கடன், மானம், தோலோகோவ் எல்லாம் ஒன்றுமில்லாமல் போகின்றன. அடுத்த அத்தியாயத்தில், வண்டி கேட்பதுபோல அலட்சியமாக அப்பாவிடம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, கடைசியில் அவர் கையைப் பற்றிக்கொண்டு தேம்பி அழுகிறான். சூதாட்ட மேசையின் வெக்கை ஆறுவதற்குள் நடாஷாவின் குரல் காதில் விழவேண்டும். நடுவில் ஏழு நாள் இடைவெளி விட்டால் அந்தப் பாட்டு வெறும் பாட்டாகிவிடும். எனவே நான்கு அத்தியாயங்களும் ஒரே வாரத்தில் வரவேண்டும். முடிந்தால் 15-ஆம் அத்தியாயத்தைச் சந்திப்பிலேயே ஒருவர் வாய்விட்டு வாசிக்கவேண்டும்.

வாய்விட்டு வாசித்தால் இந்த நாவலின் நீண்ட வாக்கியங்கள் தம் மூச்சைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு ஒரு காரணம்கூட உண்டு. 1864 இலையுதிர் காலத்தில் டால்ஸ்டாய் குதிரையிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். சரியாகக் கூடாத எலும்புக்கு மாஸ்கோவில் சிகிச்சை நடந்த நாட்களில், நாவலின் பகுதிகளை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் மைத்துனி தான்யா. நடாஷாவின் சாயல் பெரிதும் இந்தப் பெண்ணிடமிருந்து வந்தது. அந்தப் பக்கங்கள் காகிதத்துக்கு வருமுன் ஒரு குரலாக அவள் காதில் விழுந்தவை.

வாரக் கெடுவைப் பக்க எண்ணில் சொல்லக்கூடாது. ஒருவர் கையில் டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழ் இருக்கும், இன்னொருவர் கையில் ஆங்கிலம், மூன்றாமவர் கைபேசியில் வேறொன்று. பாகம், பகுதி, அத்தியாயம் என்று சொன்னால் குழப்பம் குறையும். 'தினமணி'யின் முதல் ஆசிரியராக இருந்தவர் சொக்கலிங்கம்; அவருடைய மொழிபெயர்ப்பை ஒருவராவது வைத்திருப்பது குழுவுக்குப் பெரிய பலம். வாதம் முற்றும்போது தமிழில் அந்த வாக்கியம் எப்படி நிற்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் மாதத்தில் வாசகர்கள் உதிர்வது பெரும்பாலும் பெயர்களால்தான். நிகோலாய் மட்டுமே மூன்று பேர்: இளைய ரஸ்தோவ், கிழவர் பல்கோன்ஸ்கி, ஆந்த்ரேயின் மகன். பியரும் பியோத்தர், சிறுவன் பெத்யாவும் பியோத்தர். அப்பா பெயரை முதலெழுத்தாகச் சுமக்கும் நமக்கு, நிகோலாய் இலியிச் என்றால் இலியாவின் மகன் நிகோலாய் என்பது உடனே பிடிபட்டுவிடும். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடலாம். ஒரே நாளில் முழு வம்சாவளியையும் அச்சடித்துக் கையில் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. அதில் யார் யாரை மணக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். வாரத்துக்கு நாலு பெயர் என்று குழுவே எழுதிச் சேர்க்கும் பட்டியல்தான் நிலைக்கும்.

பேச்சை எப்படித் தொடங்குவது? "போர் தவிர்க்க முடியாததா?" என்று கேட்டால் படித்தவர் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டால்ஸ்டாய் மனிதர்களை உடலால் நினைவில் நிறுத்துகிறவர்: லீஸாவின் மெல்லிய ரோமம் படர்ந்த குட்டை மேலுதடு, மரியாவின் ஒளிவிடும் கண்களும் கனத்த நடையும், எலேனின் வெண்ணிறத் தோள்கள், நெப்போலியனின் சிறிய வெள்ளைக் கைகள். இந்த வாரம் யாருடைய கை, யாருடைய நடை நினைவில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வாயே திறக்காதவர்கூட ஒன்றைச் சொல்வார். அங்கிருந்து போருக்குப் போய்ச் சேர்வது எளிது.

ஏற்கெனவே படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பது நல்லது, அவர்கள் வாயைக் காப்பார்கள் என்றால். பெத்யா தன் உலர்திராட்சையைச் சக வீரர்களுக்கு வாரி வழங்குகிற வாரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த மௌனத்தைக் காப்பாற்றுவது பெரிய மரியாதை.

பரதினோப் போர்க்களப் பகுதிக்கு வரும்போது வரைபடம் தேவைப்படும். வெளியே தேட வேண்டியதில்லை. டால்ஸ்டாயே நாவலுக்குள் ஒரு வரைபடத்தை வைத்திருக்கிறார். 1867 செப்டம்பரில் அந்தக் களத்துக்கு நேரில் போய்ப் பார்த்து வந்தவர் அவர். சில பதிப்புகளில் அந்தப் படம் விடுபட்டிருக்கும், நகல் எடுத்துத் தந்துவிடலாம். இடையில் விட்டுப்போனவர்களை மறுபடி அழைக்க ஏற்ற இடம் இரண்டாம் பாகத்தின் நான்காம் பகுதி: பதின்மூன்றே அத்தியாயம், ஓநாய் வேட்டை, நடாஷாவின் நாட்டுப்புற நடனம், பனியில் சறுக்குவண்டி. அரசியல் இல்லை, பீரங்கி இல்லை. முந்தைய கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லி அவர்களை உட்காரவைத்துவிடலாம்.

2015 டிசம்பரில் ரஷ்யாவில் இதே நாவலை 1300-க்கும் மேற்பட்டோர் மாறி மாறி 60 மணி நேரத்தில் வாசித்து முடித்தார்கள். டால்ஸ்டாயின் வழித்தோன்றல் பியோக்லா டால்ஸ்டாயா ஒருங்கிணைத்தது அது. விண்வெளி நிலையத்திலிருந்தும் ஒருவர் வாசித்தார். பிரம்மாண்டமான திருவிழா, அதற்கான மகிழ்ச்சி அதற்கு உண்டு. ஆனால் நடாஷாவுக்கு வயதாவதை உணர நமக்கும் கொஞ்சம் வயதாகவேண்டும். ஓராண்டு வாசிப்பில்தான் அது நடக்கிறது.

பின்னுரையின் இரண்டாம் பகுதியில் கதை கிடையாது, வரலாற்றுத் தத்துவம் மட்டும். 1873 பதிப்பில் டால்ஸ்டாயே தத்துவப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்து இணைப்பாக வைத்தார் என்பதைக் காட்டி, விட்டுவிடலாமே என்பார்கள். விடக்கூடாது. பன்னிரண்டு அத்தியாயங்கள்தான், ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொண்டு, அவரவர் பங்கைப் பத்து நிமிடத்தில் சொல்லச் சொன்னால், தனியே படித்தபோது தூங்கிப்போனவர்களும் அன்றைக்கு வாதாடுவார்கள்.

அதற்கு முந்தைய பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். பதின்மூன்று வயதில் சிரித்துக்கொண்டே ஓடிவந்த நடாஷா 1820-இல் பருத்து, பாட்டை விட்டு, குழந்தையின் துணியைக் கையில் பிடித்தபடி வருகிறாள். இது நிறைவா, டால்ஸ்டாய் அவளுக்கு இழைத்த அநியாயமா என்று குழு இரண்டாகப் பிளக்கும். எங்கள் வட்டத்துப் பெண்கள் சொந்தத் தங்கையைக் கட்டிக்கொடுத்து ஏமாந்தவர்கள் மாதிரிச் சண்டை போட்டார்கள். அட்டவணை போடும்போதே அதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை, புதிய அத்தியாயம் எதுவும் இல்லாமல், காலியாக விட்டுவைக்கச் சொல்வேன்.