ஓடாத சைக்கிளுக்கு ஒரு பாட்டு

பழனிசெட்டிபட்டியிலிருந்து வீரபாண்டிக்கு ஆடி மாசத்தில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். உற்சாகத்துக்குப் பாட்டெல்லாம் தேவைப்படாது. கம்பம் பள்ளத்தாக்கின் காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அதோடு மல்லுக்கட்டுவதிலேயே ஊர் வந்துவிடும். அதே சைக்கிளை நாலு சுவருக்குள் நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் மிதிக்கச் சொன்னால்தான் சிக்கல். காற்று கிடையாது, மேடு கிடையாது, போய்ச் சேர ஊரும் கிடையாது. இந்த மூன்றுக்கும் பதிலாக அங்கே இருப்பது ஒன்றே ஒன்று: பாட்டு.

இன்டோர் சைக்கிளிங் வகுப்புகளைத்தான் சொல்கிறேன். 1980-களின் கடைசியில் கலிபோர்னியாவில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜானி கோல்ட்பர்க் என்கிற சைக்கிள் வீரர் ஆரம்பித்துவைத்தது. 'ஸ்பின்னிங்' என்று அதற்கு வைத்த பெயர் இன்று பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். நம் ஊர் ஜிம்களுக்கும் வந்துவிட்டது. அரையிருட்டு ஹால், வரிசையாக சைக்கிள்கள், முன்னால் தலையில் மைக் மாட்டிய பயிற்சியாளர், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். இதில் பாட்டை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். அங்கே ரோடே அதுதான். ரோடு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று கேட்பது மிதிக்கிறவனின் உரிமை. அதனால்தான் இந்த விமர்சனம்.

பாட்டால் சைக்கிள் வேகமாக ஓடுமா என்கிற கேள்வி நூறு வருஷத்துக்கும் பழசு. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அந்தக் காலத்தில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடக்கும். கூரைக்கு அடியில், மரத் தளத்தில், சுற்றிச் சுற்றி. நடுநடுவே பேண்டு வாசிப்பார்கள். லியோனார்டு அயர்ஸ் என்பவர் கணக்குப் போட்டு 1911-ல் வெளியிட்டார். பேண்டு வாசிக்கும்போது சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல். நிறுத்தியிருக்கும்போது 17.9. 

ஒரு நூற்றாண்டு கழித்து, 2010-ல், இங்கிலாந்தில் இன்னும் கறாராகப் பார்த்தார்கள். 12 ஆண்களை 25 நிமிஷம் நிற்கிற சைக்கிளில் மிதிக்கவைத்து, அவர்களுக்குச் சொல்லாமலே பாட்டின் வேகத்தை ஒரு தடவை 10 சதவிகிதம் கூட்டினார்கள், ஒரு தடவை 10 சதவிகிதம் குறைத்தார்கள். கூட்டினபோது கால் போட்ட சக்தி 3.5 சதவிகிதம் ஏறியது. குறைத்தபோது 9.8 சதவிகிதம் இறங்கியது. கவனியுங்கள்: ஏறினதைவிட இறங்கினது அதிகம். நல்ல பாட்டு செய்யும் உதவியைவிடப் பொருந்தாத பாட்டு செய்யும் கெடுதல் பெரிசு.

பொருந்துவது என்றால் என்ன? இந்த வகுப்புகளில் சமதரைக்கு நிமிஷத்துக்கு 80-லிருந்து 110 சுற்று, மேடு ஏறுவதுபோல் பளுவைக் கூட்டினால் 60-லிருந்து 80 சுற்று என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு மிதி, வலது ஒன்று இடது ஒன்று. ஆக, மேட்டுக்கு நிமிஷத்துக்கு 120-லிருந்து 160 தட்டு உள்ள பாட்டு வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி, நாலால் பெருக்குங்கள். சங்கீத ஞானம் தேவையில்லை. விரல் இருந்தால் போதும்.

இங்கே நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. தெம்மாங்கிலிருந்து குத்துப்பாட்டு வரை நம் மண்ணின் தாளம் பலதும் 'தகிட தகிட' என்று மும்மூன்றாகப் போகிறது. முதல் தகிடவுக்கு வலது கால், அடுத்ததற்கு இடது. உள்ளே இருக்கும் மூன்று சின்னத் தட்டுகளும் பெடலை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டு போகும். அமெரிக்க டான்ஸ் பாட்டின் 'டும் டும்' ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குத்து குத்திவிட்டுப் போய்விடும். தகிட, கூடவே வரும்.

இப்படி இருந்தும் ஜிம்களில் போடும் தமிழ்ப் பாட்டு லிஸ்ட்டைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. தாளத்தைப் பார்க்காமல் வார்த்தையைப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். 'ஜெயிப்பேன்', 'சிங்கம்', 'எழுந்து வா' என்று எங்கேயாவது வந்தால் போதும், லிஸ்ட்டில் சேர்த்தாயிற்று.

'ஆட்டோகிராப்' (2004) படத்தில் சித்ரா பாடிய தன்னம்பிக்கைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய பா.விஜய்க்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. பள்ளி விழாக்களில் இன்னும் ஒலிக்கிறது. அருமையான பாட்டு. ஆனால், வகுப்பின் நடுவில் போட்டால் கண்ணைத் துடைக்கத் தோன்றுமே தவிர காலை விரட்டத் தோன்றாது. அதன் இடம் கடைசி ஐந்து நிமிஷம், மூச்சு தணிகிற நேரம்.

அதே வருஷம் வந்த 'கில்லி'யில் வித்யாசாகர் போட்டு, கே.கே.யும் அனுராதா ஸ்ரீராமும் பாடிய குத்துப்பாட்டில் எந்த உபதேசமும் இல்லை. 2024-ல் படத்தை மறுபடி தியேட்டரில் விட்டபோது 20 வருஷப் பழைய பாட்டுக்குக் கூட்டம் எழுந்து ஆடியது. உற்சாகம் வார்த்தையில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கதாநாயகனின் அறிமுகப் பாட்டுகளில் இன்னொரு கோளாறு. எல்லாம் அவர் பெருமை. நீங்கள் வெறும் ரசிகர். விசிலடிக்கத்தான் அழைப்பு, மிதிக்க அல்ல. இதற்கு விலக்கு, 'அண்ணாமலை'யில் (1992) பால்காரர் ரஜினிக்கு தேவா போட்டு எஸ்.பி.பி. பாடிய அறிமுகப் பாட்டு. அங்கே வருகிறவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர். வியர்வை உங்கள் கட்சி.

இன்னொரு விஷயம், பாட்டின் உடம்பு. நம் சினிமாப் பாட்டுக்குப் பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, மறுபடி சரணம் என்று ஓர் அமைப்பு உண்டு. இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, ஒரே பாட்டின் இரண்டு இடையிசைகளையும் பெரும்பாலும் வெவ்வேறாகவே எழுதினார். முதலாவதில் வயலின் கூட்டம் பறந்தால், இரண்டாவதில் புல்லாங்குழல் தனியாக நடக்கும். தாளமும் மாறும், சில இடத்தில் நின்றேவிடும். ஒரே சீராக மிதிக்க நினைப்பவருக்கு இது இடைஞ்சல். ஆனால் பயிற்சியாளருக்குக் காது இருந்தால், இது தயாராக வரைந்துவைத்த மலைப்பாதை. பல்லவியில் உட்கார்ந்து மிதி, இடையிசையில் எழுந்து விரட்டு, சரணத்தில் மூச்சு வாங்கு. விட்டுவிட்டு வேகமெடுக்கும் 'இன்டர்வல்' பயிற்சி என்று இதைத்தானே காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள்! அதை விட்டுவிட்டு, இடையிசையை வெட்டி, நாலு பாட்டின் பல்லவிகளை ஒட்டி, அடியில் ஒரே 'டும் டும்' போட்டு ரீமிக்ஸ் என்கிறார்கள். மலையை இடித்துச் சமதரை ஆக்கிவிட்டு, ஏறு என்றால் எங்கே ஏறுவது?

இதுவரை ரசனை. இனி உடம்பு.

பாட்டு, களைப்பை மறைக்கும். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருஷம் ஆராய்ந்த காஸ்டாஸ் கராஜார்ஜிஸ், மிதமான உழைப்பில் பாட்டு கேட்டால் சிரமம் சுமார் 10 சதவிகிதம் குறைவாகத் தெரியும் என்கிறார். உழைப்பு உச்சத்துக்குப் போனால் அந்தச் சலுகை கிடையாது. உடம்பு போடும் கூச்சலில் பாட்டு எடுபடாது. ஆனால் அந்தக் கூச்சலைக் கேட்கத் தெரிய வேண்டுமே! முதல் நாள் வந்தவருக்குத் தெரியாது. அதுவும் இந்த சைக்கிளில் கனமான சக்கரம் பெடலோடு பூட்டியிருக்கிறது. நீங்கள் நிறுத்தினாலும் அது சுற்றி, காலையும் இழுத்துக்கொண்டு போகும். முதல் தடவை ஸ்பின் வகுப்புக்குப் போய்விட்டு, தசை சிதைந்து, சிறுநீர் காபி நிறத்தில் போக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி 2017-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையே வந்தது. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அவர்களில் பலர் ஆரோக்கியமான இளைஞர்கள்தான். அடுத்து, காது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புக் கணக்கு. 94-க்கு ஒரு மணி. 100 என்றால் கால் மணிதான். வகுப்போ முக்கால் மணி.

ஆகவே வகுப்புக்குப் பாட்டு பொறுக்குகிறவர் வெறும் டிஜே இல்லை. கடைசி வரிசையில் முதல் நாள் வந்து உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயசுக்காரரின் முழங்காலும் மூச்சும் அவர் கையில் இருக்கிறது.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஏற்றம் இறைத்தவர்கள் பாடின பாட்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை சால் என்கிற எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே ஓடும். வேகத்தை நிர்ணயிப்பது பாடுகிறவரின் மூச்சு, அந்த மூச்சும் வேலையில் இருக்கிறது. மேலே துலாவில் நடப்பவர் களைத்தால் பாட்டும் தானாகத் தளரும். ஏற்றக்காரர் பாதி அடியில் பாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக, மீதி என்னவென்று தெரியாமல் கம்பர் ராத்திரியெல்லாம் தவித்து, மறுநாள் வந்து கேட்டாராம் என்று ஒரு கதை உண்டு. பொழுது சாய்ந்ததும் அவர் நிறுத்திவிட்டார் பாருங்கள், கவிச்சக்கரவர்த்தி காத்திருக்கிறார் என்பதற்காக இன்னொரு சால் இறைக்கவில்லை. கதையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஸ்பீக்கருக்கு இந்த விவஸ்தை கிடையாது. அதற்கு உங்கள் மூச்சு கேட்காது. கேட்க வேண்டியவர், முன்னால் உட்கார்ந்திருப்பவர். பாட்டுக்கு நடுவே சத்தத்தைக் குறைத்து, "யாருக்காவது முடியலையா?" என்று ஒரு தடவையாவது கேட்கிறாரா பாருங்கள். கேட்டால், அவர் லிஸ்ட்டில் நாலு சுமாரான பாட்டு இருந்தாலும் மன்னித்துவிடலாம். கேட்காவிட்டால், பளுவைக் குறைக்கும் திருகு உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சரணம் பாக்கி இருக்கிறதே என்று சங்கடப்படாமல் திருப்புங்கள். பாட்டு தன்பாட்டுக்கு ஓடட்டும். சைக்கிள் எப்படியும் ஓடப்போவதில்லை.