அன்றில் எது? ஒரு பெயர்க் குழப்பமும் ஒரு பனைமரமும்

அவனியாபுரத்துக்கு வெளியே, வெள்ளக்கல் பக்கம் உழுது போட்ட நிலத்துல சில நாள் காலையில ரெண்டு கருப்புப் பறவைகளைப் பார்க்கலாம். நீளமா வளைஞ்ச அலகை மண்ணுக்குள்ள விட்டு விட்டு எடுக்கும். தோளில் ஒரு வெள்ளைத் திட்டு, உச்சந்தலையில் சிவப்பு. பறவை நூல்களில் இதுக்குப் பேர் கருப்பு அரிவாள் மூக்கன். சங்கப் பாட்டில் வரும் அன்றில் இதுதான் என்பது என் கட்சி.

அன்றில் பற்றிக் கேட்டால் நமக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “இணை பிரிந்தால் உயிர் விடும் பறவை.” அதோட பேச்சு முடிஞ்சிரும். கொஞ்சம் தேடினால் ரெண்டு விதமா அடையாளம் சொல்றாங்க. சிலர் கருப்பு அரிவாள் மூக்கன் என்கிறார்கள். சிலர் கிளாஸி ஐபிஸ் என்கிறார்கள். அது உடம்பெல்லாம் செம்பழுப்பாய் மினுங்கும் சின்ன அரிவாள் மூக்கன். ஏன் அது, ஏன் இது இல்லை என்று காரணம் சொல்பவர் குறைவு. ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ எழுதிய பி.எல். சாமி, பாட்டையும் விலங்கியலையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வழியைக் காட்டிவிட்டுப் போனார். நாம் அவர் வழியை விட்டுட்டு, பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

சரி, சாட்சியைப் பார்ப்போம். குறுந்தொகை 160, மதுரை மருதன் இளநாகன் பாடியது. ஆண் பறவையின் தலையை நெருப்புக்கும், பெடையின் அலகை இறாலுக்கும் ஒப்பிடுகிறார். வளைந்த அலகு எல்லா அரிவாள் மூக்கனுக்கும் உண்டு. அதை வச்சு ஒண்ணும் தீர்க்க முடியாது. தலைதான் முக்கியம். கிளாஸி ஐபிஸுக்குத் தலை செம்பழுப்பு. நெருப்புன்னு சொல்ற சிவப்பு இல்லை. கருப்பு அரிவாள் மூக்கனுக்கோ முடியில்லாத தலையில் சிவப்பு மருக்கள். 1824-ல் டெம்மிங்க் இதுக்கு ‘பாப்பிலோசா’ என்று பெயர் வைத்ததும் அந்த மருக்களைப் பார்த்துத்தான்.

அடுத்தது குணம். கிளாஸி ஐபிஸ் நீர்நிலை ஓரத்தில் கொக்கு, நாரைகளோடு கூட்டமாகக் கூடு கட்டும். பெரும்பாலும் சத்தம் போடாது. கருப்பு அரிவாள் மூக்கன் பெரும்பாலும் தனி ஜோடியாக, உயர்ந்த மரத்தில் கட்டும். அதில் பனையும் உண்டு. தொலைவுக்குக் கேட்கிற மாதிரி கத்தும். சங்கப் பாடல்களில் அன்றில் திரும்பத் திரும்பப் பனையோடு வருவதையும், அதன் குரல் பிரிந்தவர்களை வாட்டுவதையும் சேர்த்துப் பாருங்க.

என் கட்சியிலும் ஓட்டை உண்டு. பாட்டில் அன்றில் நள்ளிரவில் கூவுகிறது. இந்தப் பறவை அதிகம் கத்துவது பகலில்தான். அப்புறம், சிவந்த தலையை ஆணுக்கும் வளைந்த அலகைப் பெடைக்கும் புலவர் பிரித்துக் கொடுக்கிறார். உண்மையில் ரெண்டுக்கும் ரெண்டும் உண்டு. இணை பிரிந்தால் செத்துப்போகும் என்பதும் கவிதை வழக்கு, கண்ட செய்தி இல்லை.

பேர்ல என்ன இருக்குன்னு கேட்பீங்க. இருக்கு. இதே குடும்பத்துக் கரண்டிவாயன், 2022 திருத்தத்துக்கு முந்தைய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருந்தது. அரிவாள் மூக்கன்கள் நான்காம் பட்டியலில். கூட்டமாகக் கூடு கட்டும் பறவைக்கு வேடந்தாங்கல், கூந்தன்குளம் மாதிரி ஒரு சரணாலயம் அறிவித்துக் காக்கலாம். தனி ஜோடியாகக் கட்டும் பறவைக்கு எந்த ஏரியை அறிவிப்பீங்க? அதுக்குத் தேவை வரப்பில் நிற்கும் ஒரு உயர்ந்த மரம், பூச்சி கிடைக்கும் ஒரு தரிசு. அன்றிலைக் கிளாஸி ஐபிஸ் என்று வைத்துக்கொண்டால், கண்மாயைக் காத்தாலே போதும்னு தோணும். மரம் கணக்கில் வராது.

கலெக்டர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக் கூடாது என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. அது பனைக்காகச் செய்த அறிவிப்பு. ஆனா அவனியாபுரத்தைச் சுற்றி வயல் பிளாட்டாக மாறும்போது வரப்போடு மரமும் போகுது. அன்றிலைப் பாட்டில் தேடுறவங்க, அடுத்த தடவை பஸ் ஜன்னல் வழியா ஒரு பனையையும் நிமிர்ந்து பாருங்க.