பகுதிச் சார்பும் பொருள்நோக்குச் செய்நிரலும்

கணிதத்திலே சார்பு என்பது தன் ஆட்சியிலுள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு விடையைத் தருவது. சிலவற்றிற்கு விடை தந்து ஏனையவற்றிற்கு விடையின்றி நிற்பது பகுதிச் சார்பு எனப்படும். வகுத்தல் அத்தகையது, பூச்சியத்தால் வகுத்தற்கு விடை இல்லை. இஃது இயல்பேயன்றிக் குற்றமன்று. அவ்வெல்லை மறைக்கப்படும்போதே குற்றம் பிறக்கின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவிலே பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 எஞ்சியுள்ளன. அவற்றிற்கு 1 முதல் 99 வரை எண்ணிட்டு, எண்ணைக் கொடுத்தால் அத்தாங்கியிலுள்ள எண்ணெயின் அளவைக் கூறும் செய்நிரல் ஒன்று எழுதப்பட்டதாகக் கொள்க. 100 என வினவின் விடை யாது? பூச்சியம் எனின் அது பொய்யாகும். வெறுமையான தாங்கி வேறு. இல்லாத தாங்கி வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்ட அலுவலர், இல்லாத தாங்கியை நிரப்புமாறு கட்டளையிடுவர்.

பொருள்நோக்கு மொழிகளில் இம்மயக்கம் மிகுந்தமைக்கு வெற்றுச் சுட்டு ஒரு பெருங்காரணமாகும். பொருளைச் சுட்டவேண்டிய இடத்தில் எதனையும் சுட்டாதிருப்பது அது. கொழும்பிலே 1934 இற் பிறந்த டோனி ஹோர் என்னும் அறிஞர், 1965 இல் அல்கோல் டபிள்யூ மொழியில் இதனைப் புகுத்தினார். அமைத்தற்கு மிக எளிதாயிருந்தமையே அதற்குக் காரணமென்றும், அது நூறு கோடி டொலர்த் தவறென்றும் 2009 இல் அவரே ஒப்புக்கொண்டார். தாங்கி என்னும் வகையுள் வெற்றுச் சுட்டும் அடங்கவே, தாங்கியை ஏற்கும் செயல்முறை ஒவ்வொன்றும் பெயரளவில் முழுச் சார்பாயும் உண்மையிற் பகுதிச் சார்பாயும் முடிகின்றது.

இதற்குக் கூறப்படும் பரிகாரங்கள் மூன்று. முதலாவது, இயங்குங்கால் விதிவிலக்கை எழுப்புதல். இது பொய் விடையைத் தடுப்பினும், பெரும்பாலும் காலங்கடந்தே எச்சரிக்கின்றது. இரண்டாவது, பெர்ட்ரான் மேயர் ஐஃபல் மொழியில் வகுத்த ஒப்பந்த முறை. முன்நிபந்தனையை நிறைவேற்றுதல் அழைப்பவரின் கடன் என்பது அதன் கொள்கை. மூன்றாவது, விடை இல்லாதிருத்தலும் கூடும் என்பதை விடையின் வகையிலேயே பொறித்தல். ஜாவா மொழி 2014 இல் இதற்கென ஒரு வகையைச் சேர்த்துக்கொண்டது.

அழைப்பவர் முன்னரே அறியக்கூடிய எல்லைக்கு ஒப்பந்தமே சாலும். தாங்கிகளின் பட்டியல் இடையிலே மாறக்கூடியதாயின், முன்பு வினவியது பின்பு பொய்க்கும். அவ்விடத்து மூன்றாவதே சிறந்தது.

மரபுரிமையிலும் இதே நெறி வேண்டப்படும். தாய் வகுப்பு எந்த நேரத்தும் எண்ணெயை ஏற்கும் என உறுதி கூற, 'பழுதுபார்க்கப்படும் தாங்கி' என்னும் சேய் வகுப்பு மறுக்குமாயின், தாயை நம்பி எழுதப்பட்ட செய்நிரல் அனைத்தும் தடுமாறும். சேய் வகுப்பு ஆட்சியை விரிக்கலாம், சுருக்கலாகாது. பார்பரா லிஸ்கோவ் 1987 இல் எடுத்துரைத்த பதிலீட்டுக் கொள்கையின் சாரமும் இதனுள் அடங்கும்.

ஆகவே, பகுதிச் சார்பைச் செய்நிரலிலிருந்து முற்றாக நீக்க முயல்வது வீண். இல்லாததை இல்லையென்றே சொல்லும் செய்நிரலே நம்பத்தக்கது.