வெற்றிக்கு முந்திய கணம்

புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தை வலம் வருவோர் சக்தியின் 51 வடிவங்களைக் கண்டு வணங்குகின்றனர். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் பலர், ‘இவள் யார்? எந்த அசுரனை அழித்தாள்?’ என்னும் இரு வினாக்களோடு அமைந்துவிடுகின்றனர். பெயரும் கதையும் தெரிந்தால் சிற்பமும் தெரிந்துவிட்டதாகக் கருதுகின்றோம். இக்கருத்துப் பொருந்துமா? மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

மகிடனை வென்றவள் தமிழுக்குப் புதியவள் அல்லள். சிலப்பதிகார வேட்டுவவரி அவளை எருமைத் தலைமீது நிற்பவளாகப் போற்றுகின்றது. மாமல்லபுரத்துத் திரிமூர்த்தி மண்டபத்திலும் அவள் அவ்வாறே நிற்கின்றாள். அங்குப் போர் முடிந்துவிட்டது; எஞ்சியிருப்பது வணக்கம் ஒன்றே.

குகையின் வடசுவரில் பல்லவச் சிற்பி தேர்ந்ததோ வேறொரு கணம். எண்கரத்தாள் சிங்கத்தின்மீது அமர்ந்து, வில்லை வளைத்து முன்னேறுகின்றாள். பூதகணங்கள் உடன் விரைகின்றன. எதிரே, எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிடன் தண்டாயுதத்தைப் பற்றியவாறு பின்சாய்கின்றான். அவன் இன்னும் வீழவில்லை. அவன் தலைக்கு மேலும் குடை நிழற்றுகின்றது. முடிவை அறிவிப்பவை இரண்டு உடல்களின் சாய்வுகளே: ஒன்று முன்னோக்கியது, மற்றொன்று பின்னோக்கியது.

பகைவனுக்குச் சிற்பி ஏன் குடை கொடுத்தான்? எளியவனை வெல்வது வெற்றியாகாது என்பதை அவன் உணர்ந்திருந்தான் எனலாம். இராவணனின் பெருமையைக் குறைக்காமலே இராமனை உயர்த்தினான் கம்பன். அவனுக்கு நெடுங்காலம் முன்னரே அந்நெறி கல்லில் அமைந்துவிட்டது.

இனித் தென்சுவரை நோக்குக. அரவணையில் திருமால் துயில்கின்றான். அவன் காலடிப் பக்கம் மதுவும் கைடபனும் நிற்கின்றனர். தேவி மாகாத்மியத்தின்படி, திருமாலைத் துயிலில் ஆழ்த்திய யோகநித்திரையும் மகிடனை அழித்தவளும் ஒரே தேவியே. அந்நூலை நினைந்து காணும்போது, ஒரு சுவரின் அமைதியும் மறுசுவரின் ஆரவாரமும் ஒரே ஆற்றலின் இரு நிலைகளாகின்றன. நடுவில் நிற்பவன் இரண்டையும் திரும்பித் திரும்பி நோக்கியே பொருளை உணர்கின்றான். கதையை மட்டும் கேட்டவனுக்கு இப்பேறு வாய்ப்பதில்லை.

எனவே, சிற்பத்தைப் புராணத்திற்கு வரைந்த படம் என்று கூறுதல் போதாது. அது புராணத்திற்குச் சிற்பி எழுதிய உரை. நின்ற திருவுருவம் போர்க்காட்சிக்குத் தாழ்ந்ததும் அன்று. ஒன்று வழிபடுவோனுக்கு அபயம் அளிக்கின்றது. மற்றொன்று அவனைப் போரின் நடுவே நிறுத்துகின்றது. நோக்கம் வேறாதலின் வடிவமும் வேறாயிற்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின், கதைசொல்லும் பாட்டி அருகில் இல்லாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் பலர். அவர்களுக்குக் கற்சிலையே கதைசொல்லியாக எஞ்சுகின்றது. அதன் மொழியைக் கற்பிப்பதும் தமிழாசிரியரின் கடனே. அடுத்தமுறை கோயிலுக்குச் செல்லும்போது, ‘இவள் யார்?’ என்பதோடு, ‘சிற்பி எந்தக் கணத்தைத் தேர்ந்தான்? ஏன்?’ என்றும் வினவுவோமாக. விடை தேடும் கண் தானே இலக்கியத்தையும் நுணுகிக் காணும்.