சரந்தீப் தந்த சொல்

ஆங்கிலத்தில் 'செரெண்டிப்பிட்டி' என்றொரு சொல் உண்டு. அதனடியாகப் பிறந்த 'செரெண்டிப்பிட்டஸ்' என்னும் அடைமொழி இன்று எதற்கும் எளிதில் வழங்கப்படுகின்றது. இதனைத் தமிழாக்குமாறு மாணவரைக் கேட்டபோது ஒருவன் 'குருட்டு அதிர்ஷ்டம்' என்றெழுதினான். அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இச்சொல் நம் நாட்டின் பெயரிற் பிறந்தது. அரபு நூலார் இலங்கையைச் 'சரந்தீப்' என்றனர். கல்முனைப் பகுதி முஸ்லிம்களுக்கு அப்பெயர் புதியதன்று. 'சேரன் தீவு' என்பதே அவ்வாறாயிற்று என்பாருமுளர். எனினும், 'சிம்ஹலத்வீப' என்னும் வடசொல்லின் திரிபு என்பதே அறிஞர் பலர்க்கும் உடன்பாடு.

சரந்தீப் இளவரசர் மூவரின் கதை, அமீர் குஸ்ரூ 1302இல் பாரசீகத்தில் இயற்றிய நூலில் உள்ளது. 1557இல் அது வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. அக்கதையைப் படித்திருந்த ஹொறேஸ் வோல்ப்போல், 1754 ஜனவரி 28ஆம் நாள் நண்பர்க்கெழுதிய கடிதத்தில் இச்சொல்லை ஆக்கினார். தேடாத பொருளைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டடைதல் என்பதே அவர் கொண்ட பொருள்.

வழியின் ஒரு புறத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தமை கண்டு, அவ்வழிச் சென்ற விலங்கு ஒற்றைக்கண் குருடென அவ்விளவரசர் உய்த்துணர்ந்தனர். தமிழில் வழங்கும் அலகேச கதையிலும் நால்வர் காணாமற்போன ஒட்டகத்தை இவ்வாறே அறிகின்றனர். ஆகவே, குருடாயிருந்தது ஒட்டகமேயன்றி அதிர்ஷ்டமன்று.

நம் பழமொழிகள் இப்பொருளைத் தருமா? 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்பதிலே தற்செயல் உண்டு, மதிநுட்பம் இல்லை. 'கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது' என்பதிலோ, வந்தது தேடிய பொருளே. 1928இல் பிளெமிங்கின் கண்ணாடித் தட்டிற் பூஞ்சணம் படிந்தது தற்செயல். அதனைச் சூழ்ந்த கிருமிகள் அழிந்தமையை ஊன்றி நோக்கியது மதிநுட்பம். இரண்டும் கூடியபோதே பென்சிலின் வெளிப்பட்டது.

ஈழத்து வழக்கில் 'தேட்டம்' என்பது ஒருவன் தானே ஈட்டிய பொருள். தேசவழமை அதனை முதுசத்தினின்று வேறாக வைத்தெண்ணும். எனவே இவ்வாங்கிலச் சொல்லைத் 'தேடாத் தேட்டம்' எனலாம் என்பது எளியேன் கருத்து. 'தேடா' என்பது தற்செயலையும், 'தேட்டம்' என்பது அறிவின் உழைப்பையும் காட்டும். இவற்றுட் பின்னதை மறந்து வெறும் அதிர்ஷ்டமெனக் கற்பிப்போமாயின், கூர்ந்து நோக்கும் பழக்கத்தால் விளையும் பயனை மாணவர்க்கு நாமே மறைத்தவராவோம்.