உறையோடு கேட்க வேண்டிய இசைத்தட்டு

ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் முதற்பதிப்புக்குப் பெருவிலை தருவர். தட்டின் நடுப்பகுதியில் ஒலிப்பதிவாளர் வான் கெல்டரின் முத்திரை உள்ளதா எனப் பூதக்கண்ணாடி கொண்டு தேடுவர். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' தட்டிலோ, உண்மைச் செல்வம் வேறிடத்தில் உள்ளது. உறையின் உட்புறத்தில் அவரே எழுதிய கவிதைதான் அது.

1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் பதிவாகி, 1965இல் வெளிவந்த இத்தட்டு நான்கு பகுதிகளைக் கொண்டது. 1957இல் இறையருளால் தமக்குக் கிட்டிய ஆன்மிக விழிப்புக்கு அக்கலைஞர் செலுத்திய நன்றிக் காணிக்கை இது.

முதற்பகுதியின் முடிவில் தலைப்பையே குரலால் பலமுறை ஓதுகின்றனர். அது இசை முன்னரே சொல்லிவிட்டதை மீண்டும் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. தட்டைத் திருப்பினால், மூன்றாம் பகுதியில் எல்வின் ஜோன்சின் டிரம்ஸ் பொங்கி எழுகிறது. ஜிம்மி காரிசனின் பேஸ் தனித்து ஒலிக்க, ஆரவாரம் அடங்குகிறது. 'திருப்பாடல்' எனப் பெயரிய இறுதிப் பகுதி தொடங்குகிறது. முதன்முறை அதை நீண்டதொரு புலம்பல் என்றே எண்ணினேன். உறையைக் கையில் ஏந்திக் கேட்டபோதுதான் தவறு புரிந்தது. சாக்ஸபோன் அக்கவிதையை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஓதிக்கொண்டிருந்தது!

சொல்லுக்கு அடங்காத களிப்பைச் சொல்லின்றிப் பாடுவது பற்றிப் புனித அகுஸ்தினார் திருப்பாடல் விளக்கவுரையில் பேசுகிறார். இங்கோ சொற்கள் உண்டு. கலைஞர் அவற்றை உரக்கச் சொல்லாமல் மூச்சாக்கி ஊதுகிறார். செபத்தின் இலக்கணமும் அதுவன்றோ?

முதற்பதிப்பை வாங்கிப் பேழையில் பூட்டி வைத்தவர் தட்டை உடையவர். உறையைத் திறந்து வாசித்தபடி கேட்பவரே பாடலை உடையவர்.